கண் கண்டது எவ்வளவு, உள்ளம் சேர்த்தது எவ்வளவு?

(வெம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, சகோதரர்களே! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36வது வசனம் நாம் பலமுறை ஓதிய வசனம். அறிவில்லாத ஒன்றின் பின்னால் போகாதே என்று அல்லாஹ் அதில் தடுக்கிறான். உடனே காரணத்தையும் சொல்கிறான்: காது, கண், உள்ளம் இந்த மூன்றைப் பற்றியும் விசாரணை இருக்கிறது. காதையும் கண்ணையும் சொன்னவன் உள்ளத்தையும் ஏன் அதோடு சேர்த்தான்? பார்ப்பது கண்ணின் வேலை, கேட்பது காதின் வேலை. அதில் உள்ளத்திற்கு என்ன பங்கு?

ஆரணிப் பட்டு நெய்யும் இந்த வட்டாரத்தில் இதைப் புரியவைக்க எனக்கு அதிகச் சிரமமில்லை. மயில் கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம். நீலமும் பச்சையும் என்று வைத்துக்கொள்வோம். நெய்து முடித்துத் தூக்கிப் பிடித்தால் ஒரு பக்கம் நீலமாக அடிக்கிறது. கொஞ்சம் திருப்பினால் பச்சை. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டுமில்லாத ஒரு மினுமினுப்பு. அந்த மயில் கழுத்து நிறம் எந்த நூலில் இருக்கிறது? ஒரு நூலிலும் இல்லை. பாவைப் பிரித்தால் நீலம் மட்டும், ஊடையைப் பிரித்தால் பச்சை மட்டும். வெளிச்சம் விழும் கோணம், பார்ப்பவர் நிற்கும் இடம், அவருடைய கண், எல்லாம் சேர்ந்துதான் அந்த நிறம் உண்டாகிறது. கடையில் டியூப்லைட்டில் ஒரு நிறம், வாசலில் வெயிலில் ஒரு நிறம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்த பெண்கள் புடவையை வாசல்வரை எடுத்துவந்து பார்க்கிறார்கள்.

இதை முறையாக ஆராய்ந்தவர் நம் முன்னோர்களில் ஒருவர். ஹிஜ்ரி 354இல், அதாவது 965இல், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்க அறிஞர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பொருளின் மீது பட்ட ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று அவர் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஏழு பாக நூலில் நிறுவினார். அதைவிட ஆழமான ஒன்றையும் சொன்னார். பார்வை கண்ணோடு முடிவதில்லை. வந்த ஒளியை வைத்து உள்ளே ஒரு தீர்ப்பு நடக்கிறது. இது இவ்வளவு தூரம், இது இவ்வளவு பெரியது என்று மனம் முடிவு செய்கிறது. அந்த முடிவு அவ்வளவு விரைவாக நடப்பதால், முடிவு செய்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. எல்லாவற்றையும் 'பார்த்தேன்' என்று சொல்லிவிடுகிறோம்.

நிலவை வைத்து அவர் இதை விளக்கினார். பதினான்காம் இரவில் நிலா தென்னந்தோப்புக்கு மேலே எழும்போது தாம்பாளம் போலப் பெரிதாகத் தெரிகிறது. உச்சிக்கு வந்தால் சின்னதாகிவிடுகிறது. நிலா பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. தரை, மரம், வீடு எல்லாம் இடையில் தெரியும்போது மனம் அது வெகுதூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு தெரிகிறதே, அப்படியானால் பெரியதுதான் என்று கணக்குப் போடுகிறது. ஒரு காகிதத்தைக் குழல் போலச் சுருட்டி, சுற்றியுள்ளதெல்லாம் மறையும்படி அதன் வழியாகப் பாருங்கள். பெரிய நிலா சுருங்கிப்போகும். பிள்ளைகளுக்கும் செய்துகாட்டுங்கள்.

சரி, கண் இப்படி ஏமாறும் என்றால் எதைத்தான் நம்புவது? இந்தக் கேள்வி ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களையே ஆட்டிவைத்தது. 'அல்முன்கித்' என்ற நூலில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. அஸர் நேரத்தை நிழலை வைத்துக் குறிக்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும். நட்சத்திரம் ஒரு தீனார் நாணயத்தின் அளவுக்குத் தெரிகிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. ஆக, கண்ணின் சாட்சியத்தை அறிவு தள்ளுபடி செய்துவிட்டது. அப்படியானால் அறிவின் தீர்ப்பைத் தள்ளுபடி செய்ய அதற்கு மேலே ஒரு நீதிமன்றம் இருக்காது என்று என்ன நிச்சயம்? கனவில் இருக்கும்போது கனவை உண்மை என்றுதானே நம்புகிறோம்? விழிப்பும் இன்னொன்றின் முன்னால் கனவு போல் இருந்தால்?

ஏறத்தாழ இரண்டு மாதம் இந்த நோய் அவர்களை விடவில்லை. எந்த வாதத்தாலும் அது குணமாகவில்லை, அல்லாஹ் நெஞ்சில் போட்ட ஒரு ஒளியால்தான் குணமானது என்று எழுதுகிறார்கள். அறிவின் அடிப்படை உண்மைகள் மீது நம்பிக்கை திரும்பியது. இதைக் கவனியுங்கள்: அந்த ஒளி அவர்களை அறிவை விட்டுவிடச் சொல்லவில்லை. அறிவிடமே திருப்பி அனுப்பியது.

இன்று இளைஞர்கள் சிலர் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, 'ஹஜ்ரத், நாம் பார்க்கிற உலகமே மூளை கட்டிய படம்தானாமே, உண்மை என்று ஒன்றும் கிடையாதாமே' என்று கேட்கிறார்கள். முதல் பாதியில் விஷயம் இருக்கிறது. கண்ணின் பின்புறத்தில் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளி உணரப்படுவதே இல்லை. அந்த ஓட்டையை மூளை நிரப்பிக் காட்டுகிறது, நமக்குத் தெரிவதில்லை. ஆனால் இரண்டாவது பாதி அதிலிருந்து வராது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நஸபீ (ரஹ்) அவர்களின் அகீதா நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? பொருட்களின் எதார்த்தங்கள் உறுதியானவை, அவற்றை அறியவும் முடியும் என்பதில்தான் தொடங்குகிறது. ஈமானின் பாடம் உலகம் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறது! மயில் கழுத்து நிறம் கோணத்துக்குக் கோணம் மாறட்டும். குழித்தறியில் உட்கார்ந்தவரின் இடுப்பு வலி எந்தக் கோணத்திலும் மாறாது. பாவும் ஊடையும் அங்கே இருப்பதால்தான் அந்த நிறமே தெரிகிறது.

அந்த நூல் அறிவு வரும் வழிகள் மூன்று என்கிறது: குறையில்லாத புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. இந்த மூன்றும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும். புலனுக்கு எட்டாதது இல்லை என்று ஆகிவிடாது. ஒரே அறையில் இருந்தபடி நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், ஜிப்ரீல் (அலை) உனக்கு ஸலாம் சொல்கிறார் என்றார்கள். அன்னையின் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனாலும் ஸலாமுக்குப் பதில் சொன்னார்கள். நான் காணாததைத் தாங்கள் காண்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். புகாரீயில் வருகிறது.

குர்ஆனில் ஒரு பெண்மணியைப் பாருங்கள். ஸபா நாட்டு அரசி. அவருடைய சிம்மாசனத்தை உருமாற்றி வைத்துவிட்டு, உன் சிம்மாசனம் இப்படித்தானா என்று கேட்கப்பட்டது. ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைப் போலத்தான் இருக்கிறது என்றார் (27:42). கண் கண்ட அளவுக்கு மட்டும் சொன்ன சாட்சி அது. விரிவுரையாளர்கள் அவருடைய அறிவுக்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதே அரசி, இரண்டே வசனம் கழித்து, பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று எண்ணி ஆடையை உயர்த்திவிட்டார். அது கண்ணாடி என்று சுலைமான் (அலை) அவர்கள் சொன்னதும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே அல்லாஹ்வுக்கு அடிபணிந்தார்.

ஷரீஅத் நம் கண்ணின் எல்லையை அறிந்தே சட்டம் வகுத்திருக்கிறது. நோன்பு திறக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தின் காற்று ஒளியை வளைப்பதால், சூரியனின் கீழ் விளிம்பு தொடுவானத்தைத் தொடுவது போல் நமக்குத் தெரியும்போது, உண்மையில் முழுச் சூரியனுமே அதற்குக் கீழே போய்விட்டது. நாம் பார்ப்பது வளைந்து வந்த ஒளியை. ஆனாலும் அந்த நேரத்தில் நோன்பு திறக்கக் கூடாது. கண்ணுக்கு மறைய வேண்டும். காற்றுக்கு அப்பால் உள்ள கணக்கை அல்லாஹ் நம் மீது சுமத்தவில்லை. பிறையும் அப்படித்தான். காணுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள் என்பது நபிமொழி. (பிறை விஷயத்தில் வருடாவருடம் நடக்கும் சண்டைக்குள் நான் இன்று போகவில்லை.)

பிறையைப் பற்றி ஒரு சம்பவம் வரலாற்று நூல்களில் வருகிறது. அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு நூறு வயதை நெருங்கிய காலம். மக்களோடு பிறை பார்க்க நின்றவர்கள், இதோ தெரிகிறது என்று சுட்டிக்காட்டினார்கள். வேறு யாருக்கும் தெரியவில்லை. சொல்பவரோ நபித்தோழர். பின்னாளில் பஸராவின் காழியாக இருந்த இயாஸ் பின் முஆவியா அங்கே இருந்தார். அவர் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அனஸ் (ரலி) அவர்களின் முகத்தைப் பார்த்தார். புருவத்து நரைமுடி ஒன்று வளைந்து கண்முன் நின்றது. மரியாதையோடு அதை நீவி ஒதுக்கிவிட்டு, இப்போது காட்டுங்கள் என்றார். இப்போது தெரியவில்லையே என்றார்கள் அந்தப் பெரியவர். பொய் சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மைதான், கண்டது முடியை. அதைப் பிறை என்று ஆக்கியது, பிறையைத் தேடி நின்ற உள்ளம்.

இப்போது முதலில் ஓதிய வசனத்துக்கு வருவோம். உள்ளம் எதைத் தேடி நிற்கிறதோ அதைக் கண்மீது ஏற்றிவிடுகிறது. பிறை விஷயத்தில் என்றால் ஒரு நோன்பு முன்பின் ஆகும். மனிதர்கள் விஷயத்தில் என்றால் ஒரு குடும்பம் அழியும்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு வந்த சம்பவத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். படை புறப்படும் நேரம். காணாமல் போன கழுத்து மாலையைத் தேடி அன்னை போயிருந்தார்கள். ஒட்டகச் சிவிகையைத் தூக்கியவர்கள், திரை மூடியிருந்ததால் உள்ளே இருக்கிறார்கள் என்றே எண்ணித் தூக்கி வைத்தார்கள். அன்னை சிறு வயது, எடை குறைவு; கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் கண்டது மூடிய திரை. உள்ளே ஆள் இருப்பது மனம் சேர்த்தது. அதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அன்னை பாலையில் தனியே விடப்பட்டார்கள்.

பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையை ஏற்றி, தாம் நடந்தபடி ஓட்டிவந்து படையோடு சேர்ந்தார்கள். பட்டப்பகலில் எல்லோரும் அதைக் கண்டார்கள். கண்டது என்ன? ஒரு ஒட்டகம், அதன் மேல் ஒரு பெண்மணி, முன்னால் ஒரு மனிதர். அவ்வளவுதான். மிச்சம் அத்தனையும் உள்ளத்தில் நெய்தது. மதீனா ஏறத்தாழ ஒரு மாதம் அந்த நெசவில் சிக்கித் தவித்தது. அறிவில்லாததை வாயால் பரப்பினீர்கள், அதை அற்பமாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடம் அது மிகப் பெரியது என்ற பொருளில் அன்நூர் அத்தியாயத்தின் 15வது வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேச நான்கு சாட்சிகள் வேண்டும் என்ற சட்டம் ஏன் அவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்களே இந்த விஷயத்தில் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள்! இஃதிகாஃபில் இருந்தபோது பார்க்க வந்த அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை இரவில் வழியனுப்ப எழுந்து வருகிறார்கள். அன்ஸாரிகள் இருவர் கடந்து போகிறார்கள். நில்லுங்கள், இவர் ஸஃபிய்யா என்று தாமாகவே சொன்னார்கள். ஸுப்ஹானல்லாஹ், தங்களைப் போய்ச் சந்தேகிப்போமா என்று அவர்கள் பதறினார்கள். ஷைத்தான் மனிதனுக்குள் இரத்தம் போல ஓடுகிறான், உங்கள் உள்ளத்தில் எதையாவது போட்டுவிடுவானோ என்று அஞ்சினேன் என்பது பதில். பார்ப்பவரின் உள்ளத்துக்கும் நம் மீது ஒரு ஹக் இருக்கிறது.

வியாபாரிகளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. கடை விளக்கில் அசல் ஜரிகையும் போலி ஜரிகையும் ஒன்றாகத்தான் மின்னும். தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். வாங்குபவரின் கண் எட்டாத இடத்தில்தான் விற்பவரின் ஈமான் சோதிக்கப்படுகிறது.

இன்று நம் கையில் பத்து நொடி வீடியோ வருகிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிள்ளை ஒரு பையனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அண்ணனா, வழி கேட்டவனா, உடன் படிப்பவனா? வீடியோவில் அது இல்லை. 'நானே கண்ணால் பார்த்தேன் பாய்' என்று சொல்லும் முன், கண் எது வரை போனது, எங்கிருந்து உள்ளம் எடுத்துக்கொண்டது என்று அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் உங்கள் சாட்சியம். சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்த்துவிடுமாறு ஹுஜுராத் அத்தியாயம் (49:12) கட்டளையிடுகிறது.

அவதூறு பரவிய அந்த மாதத்தில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள்: ஆயிஷாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நபியின் மனைவியரில் தமக்குப் போட்டியாக நின்றவர் அவர்தான் என்று அன்னை ஆயிஷாவே சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சொந்தச் சகோதரி ஹம்னா, அக்காவுக்காகப் பேசுகிறோம் என்று அந்த அவதூறில் இறங்கிவிட்டார். ஒரு வார்த்தை கூட வேண்டாம், ஒரு மௌனம் போதும் என்ற நிலை. ஸைனப் (ரலி) அவர்கள் சொன்ன பதில், தம் காதையும் கண்ணையும் காத்துக்கொள்கிறேன், அவரிடம் நல்லதைத் தவிர வேறெதையும் நான் அறியவில்லை என்பதுதான்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.