இராஜபாளையத்து நாயும் பார்வோ வைரஸும்

இராஜபாளையம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது, பால்வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய அவ்வூர் வேட்டைநாய். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை அதன் உருவைத் தபால்தலையிற் பொறித்துச் சிறப்பித்தது. இத்தகைய நாயின் குட்டிகளை வாந்தியாலும் இரத்தக் கழிச்சலாலும் சில நாட்களில் மாய்க்கவல்லது பார்வோ வைரஸ். நாய்களிடையே இந்நோய் உலகெங்கும் வெளிப்பட்டது 1978ஆம் ஆண்டிலேயாம். அது எங்ஙனம் தோன்றிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வைரஸ் பிற உயிரின் உயிரணுவினுட் புகுந்தே பெருகும். உயிரணுவின் மேற்புறத்தில், இரும்பைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதத்தை ஏற்கும் வாயிலொன்று உண்டு. பார்வோ வைரஸின் புரத உறை அவ்வாயிலைப் பற்றியே உட்செல்லும். அவ்வைரஸின் மரபுச்செய்தி ஏறத்தாழ 5,000 எழுத்துக்களாலாய ஏடு போன்றது. ஏடு பெயர்த்தெழுதுவோன் பிழைபடுதல்போல, அது படியெடுக்கப்படும்போதும் எழுத்து மாறுதலுண்டு.

பூனைகளுக்கு நோய்தரும் பார்வோ வைரஸ் முன்னரே உள்ளது. நாயின் வாயிலிலோ ஒரு சர்க்கரைச் சங்கிலி மிகுதியாய் அமைந்து அதனைத் தடுத்தது. பூனை வைரஸை ஒத்த முன்னோடியொன்றின் உறைப்புரதத்தில் 93, 323 என்னும் இடங்களிலுள்ள அமினோ அமிலங்கள் மாறவே, அத்தடை நீங்கிற்று. வியப்பு யாதெனின், அப்புது வகை பூனையைத் தொற்றும் ஆற்றலை இழந்தது. சில ஆண்டுகளில் தோன்றிய 2ஏ என்னும் வகையோ, வேறு சில மாற்றங்களால், நாயை விடாமலே பூனையையும் மீண்டும் பற்றிற்று. முதல்வகையை விலக்கி உலகெங்கும் பரவிற்று.

நிற்க. அண்டையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரின் மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. புலியும் சிறுத்தையும் பூனைக் குடும்பத்தன. செந்நாய் நாய்க் குடும்பத்தது. 2ஏ வழிவந்த வகைகள் பிறநாடுகளில் வளர்ப்பிலிருந்த புலியையும் பற்றியதுண்டு. ஆதலின் ஊர்நாயின் நோய் ஊரெல்லையோடு ஒழியுமென்று நாம் வாளாவிருத்தல் தகாது.

வைரஸின் வகை மாறினும், இப்பொழுதுள்ள தடுப்பூசி பெரிதும் காக்கவல்லது. தாயினிடமிருந்து குட்டி பெற்ற எதிர்ப்புப்பொருள் முதலூசியின் பயனைக் கெடுத்தல் கூடும். ஆதலின் 6 அல்லது 8 வாரத்திற் தொடங்கி, 16 வாரம் நிறையுமளவும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஊசியிடுதல் வேண்டும். வீட்டுக்குட்டிக்கு நாம் இடும் காப்பு, மலைமேல் வாழும் புலிக்குட்டிக்கும் ஒருவாற்றாற் காப்பேயாம்.