குற்றவாளி நாடா, ஆளா?

யுத்தக் கொடுமைக்கு ஒரு நாட்டைக் குறை சொல்லலாம். ஆனால் நாட்டைக் கூண்டில் ஏற்ற முடியுமா? அடித்த கை ஒரு மனிதனுடையது. அடிக்கச் சொன்ன வாயும் ஒரு மனிதனுடையதே. அந்த மனிதனையே விசாரிக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச நீதிமுறையின் அடிப்படை.

இதற்கு உதாரணம் நம் பினாங்கிலேயே உண்டு. 1941 டிசம்பர் 19-ல் ஜப்பானியப் படை இத்தீவைப் பிடித்தது. அதன் இராணுவப் போலீசான கெம்பித்தாயிடம் அகப்பட்டுச் சித்திரவதையால் இறந்தவர் பலர். 1946-ல் அக்கெம்பித்தாயைச் சேர்ந்த 35 பேர் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றத்தின் முன் இங்கே நிறுத்தப்பட்டனர். அது உலக நீதிமன்றமல்ல; ஆயினும் நாடுகளுக்குப் பொதுவான யுத்த விதிகளையே அளவுகோலாகக் கொண்டது. பலருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது, விடுதலையானவரும் உண்டு. எல்லோரையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வழக்குகளில் இரண்டு விதிகள் முக்கியமானவை. முதலாவது, 'மேலதிகாரி உத்தரவிட்டார்' என்பதால் குற்றம் நீங்காது. தண்டனை குறையலாம், அவ்வளவே. இரண்டாவது, தன் படையை அடக்கத் தவறிய தளபதியும் பொறுப்பாளியே. மலாயாவைப் பிடித்த யாமாஷிதா, பிலிப்பைன்ஸில் தம் படையினர் செய்த கொடுமைகளுக்காக 1946 பிப்ரவரி 23-ல் தூக்கிலிடப்பட்டார்.

பின்னர் 1998 ஜூலை 17-ல் ரோம் நகரில் நிரந்தர நீதிமன்றத்துக்கான ஒப்பந்தம் நிறைவேறியது. 2002 ஜூலை 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. அந்நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவர், தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண்மணி நவநீதம் பிள்ளை. மலேசியா 2019 மார்ச்சில் சேர முன்வந்து, ஏப்ரலில் பின்வாங்கியது.

ஆனால் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகிறது. சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரம். போர்க் கைதிகளுக்காக நடந்த வழக்குகளோடு ஒப்பிட்டால், இவர்களுக்காக நடந்தவை சொற்பம். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. இவர்களில் மிகப் பலருக்கு அதுகூட இல்லை. பேரேட்டில் ஏறாத கடனை எந்தக் கோர்ட்டில் வசூலிப்பது?

வியாபாரிகளாகிய நமக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் பெயர், ஊர், போன வருஷம் ஆகியவை நம் வீட்டுப் பெரியவர் எவருக்கேனும் தெரிந்திருந்தால், இன்றே கேட்டு எழுதி வைப்போம். கொடுமை செய்தவர்களைத் தண்டிக்கும் காலம் கடந்திருக்கலாம். இறந்தவரின் பெயரைக் காக்கும் காலம் இன்னும் நம் கையில் இருக்கிறது.