அகில் தைலத்தின் அருமை

கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகிய ஐந்தையும் ஐவகை விரை என்று போற்றுவது தமிழ் மரபு. இவற்றுள் ஆரம் எனப்படும் சந்தனம், மரம் முதிர முதிரத் தானே மணங்கொள்வது. அசாம் மாநிலத்து அகில் மரமோ நலமாக வளரும் வரையில் மணப்பதில்லை. அதன் கட்டை வெளிறி, மென்மையாய், மணமற்று இருக்கும்.

மணம் பிறக்கும் விதம்

தண்டைத் துளைக்கும் ஒருவகைப் புழு மரத்தைப் புண்படுத்துகிறது. அப்புண்ணின் வழியே பூஞ்சை பற்றுகிறது. அது மேலும் பரவாதபடி மரம் பிசின் போன்ற பொருளைச் சுரந்து புண்ணைச் சூழ்ந்து கொள்கிறது. ஆண்டுகள் பல செல்ல, அவ்விடம் கறுத்துக் கனத்து நறுமணம் பெறுகிறது. பிசின் மிகுந்த கட்டை நீரில் அமிழும்.

வடிக்கும் முறை

அசாமின் ஹோஜாய்ப் பகுதி அகில் தைலத்திற்குப் பெயர் பெற்றது. கட்டையைச் சிறு சில்லுகளாக்கிப் பல நாட்கள் நீரில் ஊற வைப்பர். பின்னர் கொப்பரையிலிட்டு, அடுப்பெரித்து, நாட்கணக்கில் காய்ச்சுவர். எழும் ஆவி குளிர்ந்து நீராகும்போது தைலம் மேலே மிதக்கும். கிலோக்கணக்கான சில்லுகளிலிருந்து கிடைப்பது சில கிராம் தைலமே.

தைலத்தின் இயல்பு

பழைய முறையில் வடித்த தைலம் முதலில் முகர்வோரைச் சற்றே திகைக்க வைக்கும். ஊறலினால் வந்த புளிப்பும், மாட்டுத் தொழுவத்தை நினைவூட்டும் நெடியும் முன்னே நிற்கும். சிறிது நேரத்தில் அவை அடங்க, உலர்ந்த மரம், புகை, தேன் போன்ற இனிமை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். துணியில் தோய்ந்த ஒரு துளி பல நாள் மணக்கும்.

பழம்பெருமை

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் காமரூப மன்னர் பாஸ்கரவர்மன், ஹர்ஷருக்கு அனுப்பிய பரிசுகளுள் கருநிற அகில் தைலமும் இருந்தது எனப் பாணபட்டரின் ஹர்ஷசரிதம் கூறுகிறது. அம்மரத்தின் பட்டையைப் பதப்படுத்தி ஏடாக்கி நூல்கள் எழுதுவதும் அசாம் மக்களின் வழக்கமாயிருந்தது. 1734-இல் இயற்றப்பட்ட, யானைகளைப் பற்றிய ‘ஹஸ்திவித்யார்ணவம்’ அத்தகைய ஏட்டில் எழுதப்பட்டதே.

காக்க வேண்டிய செல்வம்

எம்மரத்தின் உள்ளே மணம் உண்டென்பதை வெளியிலிருந்து அறிதல் அரிது. ஆதலால் காடுகளில் மணமற்ற மரங்களும் வீணே வெட்டப்பட்டன. 1995 முதல் அசாம் அகிலின் பன்னாட்டு வாணிகம் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. எனினும், அது அழிவின் விளிம்பில் உள்ள மரமாகவே இன்றும் கணிக்கப்படுகிறது. அசாம் மக்கள் தம் வீட்டுத் தோட்டங்களில் அதனை நட்டு வளர்த்து வருவது ஆறுதலளிக்கும் செய்தியாகும்.

தனக்கு நேர்ந்த புண்ணையே பிறர்க்கு நறுமணமாக்கித் தருவது அகில். அதன் ஒரு துளியைப் பயன்படுத்துவோர், அதற்குப் பின்னே ஒரு மரத்தின் நெடுங்காலப் பொறுமை இருப்பதை உணர்ந்து, அளவறிந்து பயன்படுத்துதல் நன்று.