மட்டக்குதிரைக்கு ஒரு சிறு சேணம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர், நெய்வேலி

குழந்தைகளுக்கான சேணம் என்றால் பெரியவர் சேணத்தை எல்லாப் பக்கமும் குறைத்துச் செய்வதுதானே என்று பலரும் எண்ணுவர். சென்ற கோடை விடுமுறை வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் நகரியத்தில் திருவிழா நாட்களில் குழந்தைகளை மட்டக்குதிரையில் ஏற்றி நடத்திச் செல்பவர் ஒருவர், பிய்ந்த சேணமொன்றை என் தாத்தாவிடம் கொண்டுவந்தார். குதிரையின் முதுகில் இரண்டு இடங்களில் புண். தாத்தா அக்காலத்தில் ஜட்கா குதிரைகளுக்கு வார் தைத்தவர். கவலை இறைக்கும் தோற்சாலும் தைத்தவர். புதிதாகவே செய்வதென்று முடிவாயிற்று. அமெரிக்க மாட்டுப் பண்ணைச் சேணம் போல முன்புறம் ஒரு கொம்பு வைக்கலாம் என்றேன். அங்கே மாட்டைப் பிடித்த கயிற்றை அதில் சுற்றுவார்கள். இங்கே பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டுமே!

அளவுநாடாவுடன் பக்கத்து வீட்டுச் சிறுவனை அளக்கப் புறப்பட்டேன். தாத்தா சிரித்தார். "ஒக்காரப் போறது புள்ளதான்டா. சொமக்கப் போறது குதிரை. மொதல்ல அதுக்குப் புண்ணு ஆறட்டும், அப்புறம் அத அள."

சேணத்தின் உயிர் உள்ளே மறைந்திருக்கும் மரச் சட்டத்தில் இருக்கிறது. முதுகெலும்பின் இருபுறமும் படியும் இரண்டு பலகைகள், அவற்றை இணைக்கும் முன்வளைவு, பின்வளைவு. முதுகெலும்பை எதுவும் தொடலாகாது. இருக்கை சிறுவனின் அளவு. பலகைகளோ குதிரையின் அளவு.

கணக்கிட்டுப் பார்ப்போம். 25 கிலோ குழந்தையும் 6 கிலோ சேணமும் சேர்ந்தால் விசை ஏறத்தாழ 300 நியூட்டன். பலகைகள் 600 சதுர செ.மீ. பரப்பில் சீராகப் படிந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் அரை நியூட்டன்தான். வளைவு பொருந்தாமல் மூலைகள் மட்டும் தொட்டு, பரப்பு 60 ஆகக் குறைந்தால் 5 நியூட்டன். குழந்தை லேசானது, குதிரைக்கு நோகாது என்ற பேச்சு இங்கே பொய்த்துவிடுகிறது. நம் சுரங்கத்தில் வாளிச் சக்கர இயந்திரம் மண்ணில் புதையாமல் நகர்வதும் அகன்ற சங்கிலிப் பட்டைகளால்தானே. தாத்தா இந்தக் கணக்கைப் போடவில்லை. குதிரை முதுகில் துணி விரித்து, கரித்தூள் தூவி, சட்டத்தை வைத்து எடுத்தார். கரி அப்பிய மேடுகளை அரத்தால் தேய்த்தார். பதினொரு முறை!

தோலுக்கு வருவோம். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மெத்தென்று வளையும். ஆனால் கொடுத்த வடிவில் நிற்காது. ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றின் டானின், தோலிலுள்ள கொலாஜன் இழைகளைப் பிணைத்துப் பதனிடும் தோலோ, நனைத்துச் சட்டத்தில் அழுத்தி நிழலில் உலர்த்தினால் அந்த வடிவிலேயே நிற்கும். அவசரப்பட்டு ஒரு துண்டை நான் வெயிலில் வைத்தேன். அது அப்பளம் போல் சுருண்டு வெடித்தது. தாத்தா திட்டவில்லை, விலையை மட்டும் சொன்னார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். பொய்யல்ல, அப்பா ஒப்பந்தக் கூலிதான். ஆனால் வீட்டில் தோல் தைக்கிறோம் என்பதை மூன்று பருவங்களாக என் வகுப்பில் யாரிடமும் நான் சொன்னதில்லை. ஊரில் தாத்தா தைத்த சாலில் இறைத்த நீரைக் குடித்தவர்கள், அவரைக் கிணற்றடிக்கு வரவிட்டதில்லை.

தையல் தனி வித்தை. மெழுகிட்ட நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்துவது. ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாமல் நிற்கும். அங்கவடியின் முன்பக்கத்தைத் தோலால் மூடினோம். சிறுவனின் கால் உள்ளே நழுவிச் சிக்கினால், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

வெள்ளோட்டத்தன்று பக்கத்து வீட்டுச் சிறுவன் கொம்பைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றிவந்தான். எல்லாரும் அவனைப் பார்த்துக் கைதட்டினோம். தாத்தா சேணத்தைக் கழற்றி, குதிரை முதுகின் வியர்வைத் தடத்தைப் பார்த்தார். இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் நனையாமல் காய்ந்திருந்தது. அங்கே அழுத்தம் கூடுதல் என்றார். மறுபடியும் அரத்தை எடுத்துவரச் சொன்னார்.