கண்ணாடிக்கும் பதம் உண்டு



சென்ற மழைக்காலத்தில் செம்பூரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். நடுராத்திரியில் வெடிபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குளியலறையின் கண்ணாடிக் கதவு தரையெங்கும் கல்கண்டுபோல் சிதறிக் கிடந்தது. "மாமா, யாருமே தொடலையே!" என்று நடுங்கினாள் மருமகள். என் மனைவி திருஷ்டி என்றாள். அரைமணிக்கு முன்புதான் பேரன் அங்கே போய்வந்தான் என்பதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை அறிய முற்பட்டபோது தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ரயில் பாதையில் வேலை பார்த்தவன் நான். மரக்கட்டைகளுக்குப் பதிலாக இப்போது கான்கிரீட் ஸ்லீப்பர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்தபடி கான்கிரீட்டை வார்த்து, இறுகியபின் விட்டுவிடுவார்கள். கம்பி சுருங்கப் பார்க்கும். கான்கிரீட் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். வண்டி ஏறும்போது வரும் இழுப்பு முதலில் அந்த அழுத்தத்தை வெல்ல வேண்டும்.

கண்ணாடியின் குணமும் இதேதான். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு. வளையும்போது இழுப்பு அந்தக் கீறலைத் திறக்கிறது, விரிசல் ஓடுகிறது. இங்கே கம்பிக்குப் பதில் சூட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படும் கண்ணாடிதான் மூலப்பொருள். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கண்ணாடி தயாராகிறது. அதை வேண்டிய அளவுக்கு வெட்டி, துளையிட்டு, ஓரம் தேய்த்தபின் உலையில் 620 முதல் 650 டிகிரி செல்ஷியஸ்வரை சூடாக்குகிறார்கள். வெளியே வந்ததும் இருபுறமும் குளிர்காற்றைப் பலமாகப் பாய்ச்சுகிறார்கள். மேல்தோல் உடனே இறுகிவிடும். உள்பகுதி இன்னும் சூடாக இருக்கும். அது பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது இறுகிய தோல் விடாது. முடிவில் உள்ளே இழுப்பு, வெளியே அழுத்தம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 700 கிலோவும் அதற்கு மேலும் தோலில் அழுத்தம் இருக்கும். கீறல்கள் மூடியே கிடக்கும். இதுவே டஃபண்ட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம்.

காற்றை மெதுவாகச் செலுத்தினால் இரண்டு மடங்கு பலமே கிடைக்கும். உடைந்தாலும் பெரிய துண்டுகளாகச் சட்டத்திலேயே நிற்கும் என்பதால் உயர்ந்த கட்டடங்களின் முகப்புக்கு இதைப் பயன்படுத்துவதுண்டு.

டஃபண்ட் கண்ணாடியில் விரிசல் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அடக்கிவைத்த சக்தி முழுதும் ஒரே நொடியில் விடுபடும். அதனால்தான் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. கத்திபோன்ற நீண்ட துண்டுகள் விழாதது பெரிய பாதுகாப்பு. பேரன் அங்கே இருந்திருந்தாலும் சிறு கீறல்களோடு தப்பியிருப்பான்.

தானாக ஏன் உடைந்தது? எங்கள் வீட்டில், கீல் பொருத்திய துளையில் ரப்பர் வாஷர் இல்லாமல் உலோகம் நேரே கண்ணாடியைக் கடித்திருந்தது. ஓரமும் துளையுமே இதன் பலவீனமான இடங்கள். இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு என்னும் நுண்துகள், வருடங்கள் கழித்துக்கூட மெல்லப் பருத்து வெடிக்கவைக்கும். இத்தகைய கண்ணாடிகளை ஆலையிலேயே மீண்டும் பல மணிநேரம் சூட்டில் வைத்து, உடைவதை அங்கேயே உடையவிடும் சோதனை உண்டு. அதற்கு 'ஹீட் சோக்' என்று பெயர்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். புது வீட்டுக்குப் போகும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா? கட்டடப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553, பகுதி 1.

2. பதமான கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது, உடனே சிதறும். அளவு சரியில்லை என்றால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

3. கீல், கைப்பிடி, சட்டம் எதிலும் உலோகம் நேரே கண்ணாடியில் படக்கூடாது.

4. பால்கனித் தடுப்புக்கு வெறும் டஃபண்ட் கண்ணாடி போதாது. சிதறினால் அந்த இடம் வெட்டவெளியாகிவிடும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி கேளுங்கள். உடைந்தாலும் படலம் பிடித்துக்கொள்ளும்.

மகன் வீட்டில் புதுக் கதவு போட்டாயிற்று. ஒவ்வொரு கீலிலும் வாஷர் இருப்பதை நானே நின்று பார்த்தேன். மனைவி பூசணிக்காயும் சுற்றிப் போட்டாள். இரண்டும் இருக்கட்டுமே!