அலுவலும் இல்லமும்: நேரம் குறித்த சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலைக்கும் குடும்பத்துக்கும் நேரத்தைப் பங்கிடுவது பற்றி வெளிவரும் அறிவுரைகளுள் பெரும்பாலானவை, அச்சிக்கலைத் தனிமனிதரின் ஒழுங்கின்மையாகவே கருதி, விடியற்காலையில் எழுவது, பட்டியலிட்டு வேலை செய்வது, கைப்பேசியை ஒதுக்கி வைப்பது ஆகிய மூன்று மருந்துகளோடு நின்றுவிடுகின்றன. ஒருவருடைய நாள் எவ்வாறு செலவாகிறது என்பதை அவருடைய மன உறுதியைவிடத் தொழிலாளர் சட்டமும், கூலி விகிதமும், வீட்டுக்குள் நிலவும் வேலைப் பிரிவினையுமே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை அவ்வறிவுரைகள் பொருட்படுத்துவதில்லை. அவற்றுக்கு அடித்தளமாக உள்ள நம்பிக்கைகள் சிலவற்றைக் கிடைத்துள்ள தரவுகளோடு வைத்துப் பார்ப்பது பயனுடையது.

நம்பிக்கை: முற்காலத்தில் குடும்பத்துக்கு நேரம் இருந்தது, நெருக்கடி கணினித் துறையோடு வந்தது.

வயலும் வீடும் அருகருகே அமைந்து, முதியோரும் சிறுவரும் ஒரே வேலையில் கைகொடுத்த உழவு வாழ்க்கையில் வேலை நேரம், குடும்ப நேரம் என்ற பிரிவே தெளிவாக இல்லை. ஆகவே மோதல் கண்ணுக்குப் புலப்படவில்லையே தவிர, ஓய்வு மிகுந்திருந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியபின் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு மட்டுமே வரம்பு கட்டியது. நெசவாலைகளில் வேலை செய்த வயதுவந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்ற உச்சவரம்பு 1911இல்தான் வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தன் முதல் உடன்படிக்கையிலேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற அளவை வகுத்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு விதிவிலக்காக 60 மணி நேரம் அனுமதிக்கப்பட்டது. அந்த 48 மணி நேரம் இந்தியத் தொழிலாளியை வந்தடைய, டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தின் இறுதியில், 1946ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானபோது, ஊதியக் குறையோடு சேர்ந்து ஒலித்த குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை ஆற அமரச் சாப்பிடக்கூடப் போதவில்லை என்பதாகும். அண்மையில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரம் ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்துவிடும் சொத்து அன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம்பிக்கை: கூடுதல் நேரம் உழைப்பவர் கூடுதலாக உற்பத்தி செய்கிறார்.

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறியது நாடெங்கும் விவாதமாயிற்று. அவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாத பழைய தரவு ஒன்று உண்டு. முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின், குறிப்பாகப் பெண்களின், வேலை நேரத்தையும் உற்பத்தியையும் அரசுக் குழு ஒன்று விரிவாகப் பதிவுசெய்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் அப்பதிவுகளை 2014இல் மறு ஆய்வு செய்தபோது, வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை உழைப்புக்கு ஏற்ப உற்பத்தி கூடியதையும், அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் மணியின் பயனும் தேய்ந்துகொண்டே சென்றதையும், 70 மணி நேர உழைப்பின் விளைவு 56 மணி நேர உழைப்பின் விளைவிலிருந்து பெரிதும் வேறுபடாததையும் கண்டார். நாட்டின் உயிர்ப் போராட்டத்துக்காக உழைத்தவர்களிடமே நிலைமை இதுவென்றால், காலாண்டு இலக்குக்காக உழைப்பவர்களிடம் வேறு விளைவை எதிர்பார்ப்பதற்குக் காரணமில்லை. உடல்நலக் கணக்கு தனியானது: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்குமேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் தாக்கும் வாய்ப்பு 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக மதிப்பிட்டன.

எனினும், இவ்வாதத்தை எல்லோரிடமும் ஒரே குரலில் சொல்வது நேர்மையாகாது. திருப்பூரின் பின்னலாடைத் தையற்கூடத்தில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, வேலை செய்பவர் ஓவர்டைம் பார்ப்பது உற்பத்தித்திறன் பற்றிய தவறான கருத்தால் அன்று. வீட்டு வாடகையாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தாலும். அவருக்குக் குடும்ப நேரத்தின் அருமையை எடுத்துச் சொல்வதைவிட, எட்டு மணி நேர உழைப்புக்கே வாழப் போதுமான கூலி கிடைக்கிறதா என்று கேட்பதே பொருத்தம்.

நம்பிக்கை: வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குடும்ப நேரம்.

ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் அமர்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்ற பொருளில் பெருநிறுவனத் தலைவர் ஒருவர் பேசியது 2025 ஜனவரியில் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கண்டித்தவர்களுள் பலர் அப்பேச்சின் நாகரிகக் குறைவைச் சுட்டினர். ஆனால் அதன் பெரிய பிழை கணக்குப் பிழை. வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்ற அனுமானத்தை அரசின் புள்ளிவிவரமே மறுக்கிறது.

இந்தியாவில் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, அதாவது மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எந்தெந்தச் செயல்களில் கழிக்கிறார்கள் என்பதைக் கேட்டறியும் ஆய்வு, தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தால் 2019இலும் 2024இலும் நடத்தப்பட்டது. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரையுள்ள பொழுதை அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்யப்பட்டது என்று கேட்கும் முறை அது. ஒரே அரைமணியில் உலையில் அரிசி வேக, மடியில் குழந்தை அழ, மூத்த பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்க, மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கலாம் என்பதை அறிந்தே, ஒரு துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட செயல்களைப் பதியவும் அதில் இடமுண்டு. அவ்வாறு பதிந்து பார்த்ததில், 2024இல் ஊதியமில்லா வீட்டுப் பணியில், அதாவது தன் வீட்டாருக்காகச் சமைப்பது, துலக்குவது, துவைப்பது போன்றவற்றில், ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் செலவிட்டிருந்தனர். இந்த 88 நிமிடங்களைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை, ஏனெனில் அது எல்லா ஆண்களின் சராசரி அன்று. அப்பணியில் ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கேட்கப்பட்ட நாளில் வீட்டுப் பணி எதையேனும் செய்த ஆண்கள் 26.1 சதவீதம்; பெண்கள் 81.2 சதவீதம். நான்கில் ஏறத்தாழ மூன்று ஆண்கள் அன்று ஒரு தட்டைக்கூடக் கழுவிப் பதிவாகவில்லை.

இயந்திரங்கள் வந்தபின் வீட்டு வேலை குறைந்துவிட்டது என்பது இதோடு ஒட்டிய கிளை நம்பிக்கை. அமெரிக்க இல்லத்தரசிகள் 1920களிலிருந்து 1960கள் வரை வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் குறையவில்லை என்று ஜோன் வானெக் 1974இல் காட்டினார். கருவி வந்ததும் தூய்மைக்கும் உணவுக்கும் உரிய எதிர்பார்ப்பு உயர்ந்ததே அதற்கு முக்கியக் காரணம். ஆட்டுக்கல் இருந்த காலத்தில் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரிய பலகாரமாயிருந்த இட்லி, கோவை கிரைண்டர் வந்தபின் பல வீடுகளில் அன்றாடக் காலை உணவாயிற்று. கை வலி தீர்ந்தது மெய்தான். உளுந்தை ஊறப்போடுவதும், வழித்தெடுத்துக் கல்லைக் கழுவுவதும், உப்புப் போட்டுக் கரைத்து வைப்பதும், காலையில் சட்னி அரைப்பதும் மின்சாரத்தால் தீராமல், பெரும்பாலும் அதே கைகளிடமே தங்கிவிட்டன. அலுவலகத்திலிருந்து திரும்பும் பெண்ணுக்காக வீட்டில் காத்திருக்கும் இவ்வுழைப்புக்கு ‘இரண்டாம் ஷிஃப்ட்’ என்று ஆர்லி ஹோக்‌ஷில்டு 1989இல் சூட்டிய பெயர் சமூகவியலில் நிலைத்துவிட்டது. ஒருவரின் குடும்ப நேரம் பலவேளைகளில் இன்னொருவரின் வேலை நேரத்தால் ஆக்கப்படுகிறது என்பதை அறியாமல் சமநிலை பற்றிப் பேசுவது வீண்.

நம்பிக்கை: தாய் வேலைக்குப் போனால் பிள்ளைகள் கெட்டுப்போவர்.

அமெரிக்கத் தாய்மார் பெருமளவில் வேலைக்குச் சென்ற 1965க்கும் 2000க்கும் இடைப்பட்ட காலத்தில், அவர்கள் குழந்தைப் பராமரிப்புக்கு நேரடியாகச் செலவிட்ட நேரம் வாரத்துக்குச் சுமார் 10 மணியிலிருந்து ஏறத்தாழ 13 மணியாகக் கூடியதே தவிரக் குறையவில்லை என்று சூசன் பியாங்கி குழுவினர் கணக்கிட்டனர். குறைந்தவை தாயின் வீட்டு வேலையும் ஓய்வும். மெலிசா மில்கி முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, 3 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளின் நடத்தைக்கும் கல்விக்கும் தாய் உடனிருக்கும் நேரத்தின் வெறும் அளவோடு தெளிவான தொடர்பு இல்லை என்று கண்டது. வளரிளம் பருவத்தில் மட்டும், சேர்ந்து உண்பது, பேசுவது போன்ற ஈடுபாடுள்ள நேரம் தவறான நடத்தையைக் குறைப்பதோடு தொடர்புற்றிருந்தது. குழந்தை சிறிதாக இருக்கும்போது குற்ற உணர்வு மிகுந்தும், அது பதினைந்து வயதை எட்டியதும் இனிக் கவலையில்லை என்று தளர்ந்தும் இருக்கும் குடும்ப வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. இவை அமெரிக்கக் குடும்பங்களின் முடிவுகள் என்பதால், பாட்டியும் அத்தையும் உடனிருக்கும் வீடுகளுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

நம்பிக்கை: வீட்டிலிருந்தே வேலை செய்தால் சிக்கல் தீரும்.

பயண நேரம் மிச்சமாகும் என்ற அளவில் இது உண்மை. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடந்து 2024இல் வெளியான சோதனையில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தபோது வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பணித் தரமும் குறையவில்லை. ஆனால் விலகல் குறைவது வேறு, வீட்டு வேலை சமமாகப் பங்கிடப்படுவது வேறு; பின்னதைப் பயணம் மிச்சமாவது தானாகத் தந்துவிடாது.

நம்பிக்கை: நேரத்தைத் திட்டமிடத் தெரிந்தவருக்கு எதுவும் முடியும்.

காலை நேரத்து நெருக்கடியைத் தணிப்பதில், தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், எந்த நேர மேலாண்மை நூலும் செய்யாததைச் செய்திருக்கிறது என்று சொல்லலாம். ஊட்டச்சத்துத் திட்டமாகவே பேசப்படும் அது, கூலி வேலைக்கு விடிந்ததும் கிளம்பும் தாயின் நேரத்தையும் மீட்டுத் தருகிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரலாம் என்றும் விதித்தது. ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் துணிக்கடையில் அவ்விதி இல்லை. அங்கன்வாடியோ கடை மூடுவதற்கு வெகு முன்பே மூடப்படுகிறது. குழந்தை பிறந்தால் மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்கு, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஒரு நாள் விடுப்புக்குக்கூட வழிவகை செய்யப்படவில்லை.