திறந்த சந்தையில் காத்திருக்கக்கூடியவர் யார்?

நாடுகளின் எல்லைகளைத் தாண்டிப் பொருட்களும் முதலீடும் தடையின்றிச் செல்லும் நிலையையே உலகமயமாதல் என்கின்றோம். அது எல்லோரையும் ஒருங்கே உயர்த்தும் என்பர் சிலர். எல்லோரையும் அழிக்கும் என்பர் வேறு சிலர். எமது நாட்டின் இரு அனுபவங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. கமக்காரர்

1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் கிணற்று நீரை இறைத்துச் செத்தல் மிளகாயும் வெங்காயமும் விளைவித்து நல்ல விலை பெற்றனர். அதேவேளை, வாங்கி உண்ணும் ஏழைகள் தட்டுப்பாட்டினால் வருந்தினர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. இறக்குமதிப் பொருட்கள் சந்தையை நிரப்பின. கடைகளில் தட்டுப்பாடு நீங்கியது. கமக்காரரின் வருமானம் வீழ்ந்தது. 1983இன் பின்னர் போர் இந்த வீழ்ச்சியை மேலும் ஆழமாக்கியது.

2. தையல் தொழிலாளர்

அதே கொள்கையின் கீழ் 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. கிராமத்து யுவதிகள் பலர் முதன்முறையாகத் தமக்கெனச் சம்பளம் பெற்றனர். இது உண்மையான நன்மையே. ஆனால் தொழிற்சாலைகள் இங்கு வந்ததற்கு மலிவான உழைப்பு மட்டும் காரணமன்று. பணக்கார நாடுகள் வளர்ந்துவரும் நாடுகள் பலவற்றின் ஆடை ஏற்றுமதிக்குக் கோட்டா விதித்திருந்தன. தமது கோட்டா நிரம்பிய நாடுகளின் உற்பத்தியாளர் இலங்கையை நாடினர். அம்முறை 2004இன் முடிவில் ஒழிந்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010இல் இழக்கப்பட்டு, 2017இல் மீண்டும் கிடைத்தது. யுவதியின் தொழில், அவள் காணாத மேசைகளில் தீர்மானிக்கப்பட்டது.

3. நாம் பெறும் பாடம்

இலாபமும் உண்மை, நட்டமும் உண்மை. ஆனால் அவை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. களஞ்சியமும் மூலதனமும் உள்ள வியாபாரி விலை ஏறும்வரை காத்திருப்பார். கடன்பட்ட கமக்காரர் அறுவடை நாளிலேயே விற்றாக வேண்டும். சேமிப்பற்ற தொழிலாளி கிடைத்த சம்பளத்தை ஏற்றாக வேண்டும். காத்திருக்கும் வலிமை இல்லாதவரிடமே நட்டம் சென்று தங்குகின்றது.

ஆகவே கூட்டுச் சேமிப்பு, பொதுக் களஞ்சியம், கூட்டுறவு விற்பனை, தொழிற்சங்கம் என்பன சிறியவரின் காத்திருக்கும் வலிமையை வளர்க்கும் வழிகளாகும். இறக்குமதித் தீர்வை பற்றிய முடிவுகளை விதைப்புக்கு முன்னரே அறிவிக்கும்படி அரசைக் கேட்பதும் எமது உரிமையே.

குழுவில் கலந்துரையாட:

(அ) எமது ஊரின் விளைபொருளுக்கு விலை வைப்பவர் யார்?

(ஆ) அறுவடையின் பின் ஒரு மாதம் காத்திருக்க எமக்கு எவை தேவை?

(இ) அவற்றுள் எதனை நாம் சேர்ந்து இவ்வாண்டிலேயே தொடங்கலாம்?